புதுப்பிப்பு: ஹையேஸ் பின்சக்கரச் சத்தம், பேரிங்தான்

சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினா பழைய டொயோட்டா ஹையேஸ் வேன்ல பின்னாடி "ஊம்ம்"னு இரைச்சல் வருது, டயரா, டிஃபரன்ஷியலா (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற கியர் பெட்டி), பேரிங்கான்னு கேட்டிருந்தேன் இல்லையா? வேலை முடிஞ்சது. வலது பக்க பேரிங்.

இடது வளைவுல சத்தம் கூடுது, வலது வளைவுல குறையுதுன்னு சொன்னதுமே காக்கி புக்கிட் மெக்கானிக் அங்கிள் தலையாட்டிட்டார். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்துலதானே இறங்கும். டயரா இருந்தா ரோடு மாறும்போது சத்தமும் மாறும். டிஃபரன்ஷியல்னா ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மாறும். இங்க ரெண்டும் இல்லை.

ஹப்போட (சக்கரத்தை மாட்டுற நடுப்பகுதி) சேர்ந்து வர்ற பேரிங் மாதிரி போல்ட் கழட்டி மாத்துற வேலை இல்லை இது. ஆக்ஸில் ஷாஃப்டையே உருவணும். பேரிங்கைப் பிடிச்சிருக்கிற ரிட்டெய்னர் வளையத்தை கிரைண்டர்ல முக்கால்வாசி அறுத்து, உளி வெச்சு ஒரே போடு. அப்புறம் பிரஸ்ல வெச்சுத் தள்ளணும். பழைய பேரிங்கோட உள்வளையத்தைக் கையில வாங்கிப் பார்த்தேன். குண்டு ஓடுற தடம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி.

எண்ணெய் வெளிய வராம தடுக்கிற ஆயில் சீலும் போயிருந்தது. கியர் ஆயில் கசிஞ்சு பிரேக் ஷூ நனைஞ்சிருந்ததால ரெண்டு பக்கமும் ஷூ புதுசு. எண்ணெய் குடிச்ச ஷூவைக் கழுவிப் போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

10 வருஷம் தாண்டின வேனுக்கு 6 மாசத்துக்கு ஒருதடவை இன்ஸ்பெக்‌ஷன் இருக்கே, அதனால இடது பேரிங்கையும் சேர்த்தே மாத்திட்டேன். இதே வேலை செய்றவங்க, ஷாஃப்டை உருவும்போது வடிஞ்ச டிஃபரன்ஷியல் ஆயிலைத் திரும்ப நிரப்பினாங்களான்னு கேட்டுக்குங்க.