காசை வாங்கினால் ப்ரோ: டிஸ்க் கோல்ஃபில் உங்களுக்கு எப்போது நடந்தது?

சார்லட், வட கரோலினா:

ஒன்பது வருடமாக டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன், அதாவது தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம். பெரும்பாலும் எங்கள் ஊர் ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவில். அமெச்சூர் எப்போது ப்ரோ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரர், ஆகிறார் என்று புதிதாகச் சேர்ந்த நம்மூர்த் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். "நன்றாக ஆட ஆரம்பித்ததும்" என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என் கதையைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

1976-ல் எட் ஹெட்ரிக் ஆரம்பித்த பி.டி.ஜி.ஏ. என்கிற டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி, ஒருவரை ப்ரோ ஆக்குவது காசு. ப்ரோ பிரிவில் ஆடி, பரிசுப் பணத்தை ஏற்றுக்கொண்ட நிமிடத்தில் நீங்கள் ப்ரோ. ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமைக்குச் சங்கம் தரும் எண், 850 ஆனாலும் சரி, 1000 ஆனாலும் சரி. மாறாக, அமெச்சூராக இருந்துகொண்டே ப்ரோ பிரிவில் ஆடலாம். பணத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

2019-ல் என் ரேட்டிங் 958. எம்.ஏ.1 என்கிற அட்வான்ஸ்டு பிரிவில் ஜெயித்து ஜெயித்து வீட்டில் டிஸ்க் குவிந்துவிட்டது. அமெச்சூருக்குப் பரிசு பொருளாகத்தான் வரும். சரி, பெரிய ஆட்டக்காரர்களோடு மோதிப் பார்ப்போம் என்று ஒரு சின்னப் போட்டியில் எம்.பி.ஓ.வில், அதாவது ப்ரோ ஓப்பனில், பெயர் கொடுத்தேன். கரூரிலிருந்து அப்பா வந்திருந்த சமயம். இரண்டு ரவுண்டும் கூடவே நடந்தார். கடைசி கூடையில் முப்பது அடி தூரத்திலிருந்து எறிந்த பட், அதாவது கூடைக்கான கடைசிக் குறி எறி, சங்கிலியில் விழுந்தபோது என்னைவிட அவர்தான் பலமாகக் கை தட்டினார்.

அந்த பட் என்னைப் பணம் கிடைக்கும் கடைசி இடத்துக்குக் கொண்டுவந்தது. பிக்னிக் மேசையில் போட்டி டைரக்டர் உறையை வைத்துக்கொண்டு கேட்டார்: ஏற்றுக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா? உள்ளே 110 டாலர். அமெச்சூர் உலகப் போட்டியில் ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாங்கினால் அந்தக் கதவு மூடிவிடும். வேண்டாம் என்றேன். உறை எனக்கு அடுத்த இடத்தில் முடித்தவருக்குப் போனது.

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "உழைச்சு ஜெயிச்ச காசை எவனாவது வேண்டாம்பானா?" காரில் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இங்கிலாந்து கிரிக்கெட்டில் 1962 வரை இருந்த பிரிவினையைப் பற்றிச் சொன்னார். 'ஜென்டில்மென்' என்றால் அமெச்சூர், 'பிளேயர்ஸ்' என்றால் சம்பளக்காரர். அங்கே அது பிறப்போடும் அந்தஸ்தோடும் ஒட்டிக்கொண்டிருந்த கோடு. "உங்க ஆட்டத்துல கோடு பரவாயில்லை, அவனவனே கிழிச்சுக்கலாம்" என்றார். அந்தப் பேச்சு இன்னும் மனதில் நிற்கிறது.

அடுத்த வருடம் கொரோனா வந்து உலகப் போட்டியே நடக்கவில்லை. நான் ரொம்ப உடைந்து போனேன். 2021-ல் இன்னொரு போட்டியில் 140 டாலர் உறை வந்தது. வாங்கிக்கொண்டேன். அன்றிரவே அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

உங்களுக்கு அந்த உறை எப்போது வந்தது?

டாலஸ், டெக்சஸ்:

அண்ணா, ஏற்றுக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று என்னை யாரும் கேட்கவே இல்லை. அதுதான் என் வருத்தம்.

நான் ஆடத் தொடங்கி ஒன்றரை வருடம். ஒரு போட்டியில் பெண்கள் அமெச்சூர் பிரிவில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. தனியாக ஆடுவதைவிட எஃப்.பி.ஓ.வில், அதாவது பெண்கள் ப்ரோ பிரிவில், மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களோடு ஆடுங்களேன் என்றார்கள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. நால்வரில் இரண்டாவதாக வந்தேன். கையில் பணத்தைக் கொடுத்தார்கள், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் உறுப்பினர் கட்டணம் கட்டப் போனால் 50 டாலருக்குப் பதில் 75 கேட்டது. பெயருக்குப் பக்கத்தில் 'ப்ரோ'. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்புறம் விதிகளை உட்கார்ந்து படித்தேன். ரேட்டிங் குறைவாக இருக்கும் ப்ரோக்கள் சாதாரணப் போட்டிகளில் அமெச்சூர் பிரிவில் ஆட முடியும். அமெச்சூர்களுக்கான பெரிய சாம்பியன்ஷிப்கள்தான் கைவிட்டுப் போகும். மறுபடி அமெச்சூர் ஆக விரும்பினால் சங்கத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. நான் விண்ணப்பித்தேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் புதிதாக வரும் பெண்களுக்கு இதை முதலிலேயே சொல்ல வேண்டும். பெண்கள் குறைவாக வரும் ஊரில் இந்த மாதிரி தள்ளிவிடுவது ரொம்ப சுலபமாக நடக்கிறது. என் ஊர் லீகில் இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நானே போய்ச் சொல்கிறேன்.

எஸ்பூ, ஃபின்லாந்து:

இங்கே இதை 'ஃப்ரிஸ்பீகோல்ஃப்' என்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிகூட ஆடுவார். என் ரேட்டிங் 905. எங்கள் வட்டாரப் போட்டிகளில் எம்.ஏ.1 வைப்பதே அபூர்வம் என்பதால் நேராக எம்.பி.ஓ.வில்தான் ஆடுகிறேன். பணம் வரும் இடத்தை இதுவரை நெருங்கியதில்லை. ஆனால் ஒரு தடவை 1000-க்கு மேல் ரேட்டிங் உள்ள ஒருவரோடு ஒரே கார்டில், அதாவது ஒரே குழுவில், ஆடக் கிடைத்தது. என் எறியைப் பார்த்து, தோள் சீக்கிரம் திறந்துவிடுகிறது என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு அதுவே போதும். நோக்கியா ஊரில் இருக்கும் 'தி பீஸ்ட்' மைதானத்தில் பெரிய போட்டி பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

ஆஸ்டின், டெக்சஸ்:

நான் வேறு திசையில் வந்தவன். 2014-ல் காசு வாங்கி ப்ரோ ஆனேன். அப்புறம் தோள்பட்டை கிழிந்து அறுவைச் சிகிச்சை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது ரேட்டிங் 941. எம்.பி.ஓ.வில் நுழைவுக் கட்டணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதுதான் வேலையாக இருந்தது. 970-க்குக் கீழே உள்ள ப்ரோ எம்.ஏ.1-ல் ஆடலாம் என்று விதி இருந்ததால் அதில் பெயர் கொடுத்தேன்.

முதல் எறி மேடையிலேயே ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி "பேகர்" என்றார். தகுதிக்குக் கீழான பிரிவில் ஆடிப் பரிசைச் சுருட்டுகிறவன் என்று அர்த்தம். முதுகில் அடித்த மாதிரி இருந்தது. என் கார்டில் இருந்த இளைஞன் ஒருவன்தான் விதியை எடுத்துச் சொன்னான். அன்றைக்கு நான் ஏழாவதாக வந்தேன். விதி எனக்குச் சாதகமாக இருந்தும் கூச்சப்பட்டுக்கொண்டே ஆடினேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. அடுத்த பருவத்திலும் எம்.ஏ.1-லேயே ஆடினேன், இந்த முறை தலை நிமிர்ந்து.

ராலே, வட கரோலினா:

ஆஸ்டின் சகோ சொன்ன அதே சொல்லை என் பதினாறு வயதுப் பையன் கேட்டான். அப்போது அவன் ரேட்டிங் 893. 900-க்குக் கீழே என்பதால் எம்.ஏ.3-ல், அதாவது எம்.ஏ.1-ஐவிடக் கீழான அமெச்சூர் பிரிவில், ஆடத் தகுதி உண்டு. ஒன்பது எறி வித்தியாசத்தில் ஜெயித்தான். கைகொடுக்கக்கூட இரண்டு பேர் வரவில்லை.

ரேட்டிங் என்பது ஏறக்குறைய கடந்த ஒரு வருட ரவுண்டுகளின் கணக்கு. சமீபத்திய கால்வாசி ரவுண்டுகளுக்கு இரட்டை மதிப்பு உண்டு, ஆனாலும் வளரும் பிள்ளையின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. அவன் அன்று ஆடியது 950-க்கு மேற்பட்ட ஆட்டம். ஏமாற்றவில்லை, எண் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது காரில் அவனே சொன்னான், அடுத்ததில் எம்.ஏ.1-ல் போடுங்கப்பா என்று. தகுதிக்கு மேலான பிரிவில் ஆட எப்போதும் அனுமதி உண்டு. போட்டேன், பன்னிரண்டாவதாக வந்தான். அன்று எல்லோரும் கைகொடுத்தார்கள்.

கேள்வி ஒன்று: முதல் எறியிலேயே கூடையில் போட்டு ஏஸ் அடித்தால் கிடைக்கும் ஏஸ் பூல் பணத்தை, அதாவது அதற்கென்று ஆடுகிறவர்கள் சேர்த்து வைக்கும் பணத்தை, அவன் வாங்கலாமா?

சார்லட், வட கரோலினா:

தாராளமாக வாங்கலாம் சகோ. அது பிரிவுப் பரிசோடு சேராத தனிப் பணம், அமெச்சூர் தகுதி போகாது. உங்கள் பையனை ஒரு சனிக்கிழமை ஹார்னெட்ஸ் நெஸ்ட்டுக்குக் கூட்டி வாருங்கள். டாலஸ் தங்கச்சி, நீங்கள் எழுதியதை எங்கள் லீக் டைரக்டரிடம் இன்றே சொல்கிறேன். பதிவு செய்யும் இடத்திலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லப்போகிறேன்.