கோபமாக வருகிறவர் முன்னால் யார் போய் நிற்பது?

பெரம்பூர் டாக்டர்:

வடசென்னையில் பிராணி கிளினிக்குகளில் வேலை பார்க்கிறவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள். மருந்து, ஆபரேஷன் எல்லாம் இங்கே வேண்டாம். கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி மட்டும். ஹெல்பர் நிலைக்கவில்லை, ரிசப்ஷனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எல்லா டாக்டரும் புலம்புகிறார்கள். சம்பளம் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

நானே ஆரம்பிக்கிறேன். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியை ரத்தக் கழிச்சல் கண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். நீர்ச்சத்து வற்றாமல் டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். சிலது தேறும், சிலது போய்விடும். போய்விட்டால் அந்தக் கோபம் முதலில் விழுவது ரிசப்ஷனில் இருக்கும் பெண்மேல்தான். பில் அவர் கையில் இருக்கிறதே!

எங்கள் இடத்தில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சாவுச் செய்தியை டாக்டர்தான் வெளியே வந்து சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பில்லை நீட்டக் கூடாது. பாக்கி இருந்தால் மறுநாள் நானே போன் செய்து கேட்பேன். சிலர் தர மாட்டார்கள். போகட்டும், பழகிய ஆளை இழப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

தண்டையார்பேட்டை, முன்னாள் ரிசப்ஷன்:

சார், நான் இருந்த கிளினிக்கில் இதற்கு நேர் எதிர். ஏதாவது கேஸ் கெட்டுப்போனால் டாக்டர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். “பிஸியா இருக்கேன்னு சொல்லும்மா” என்று உள்ளிருந்தே குரல் வரும்.

ஒரு ராத்திரி லேப்ரடார் ஒன்று இறந்துவிட்டது. வைத்திருந்தவர் கழுத்துப் பட்டையையும் சங்கிலியையும் என் மேஜைமேல் விட்டெறிந்தார். கம்ப்யூட்டர் கீபோர்டில் பட்டு ரெண்டு எழுத்து பெயர்ந்து விழுந்தது. காசு வாங்கிக் கொன்னுட்டீங்க என்று கத்துகிறார். எனக்கு வாயே வரவில்லை. பெருக்கித் துடைக்கிற அக்கா கையில் மாப்போடு வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். “இன்னா நைனா, இந்தப் பொண்ணா ஊசி போட்டுச்சி? ஒக்காரு, தண்ணி குடி.” அவ்வளவுதான். அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் டாக்டர் என்னிடம் சொன்னது: “நீ கொஞ்சம் சிரிச்ச முகமா பேசியிருக்கலாம்.” செத்த வீட்டுக்காரரிடம் சிரித்த முகமாம்! அந்த மாதமே நின்றுவிட்டேன். அக்காவிடம் இன்னும் பேசுகிறேன்.

வியாசர்பாடி ஹெல்பர்:

பிடிக்கிறவன் பாடு தனி. நாய் திரும்பினால் முதல் கடி நமக்குத்தான். முன்னே இருந்த இடத்தில் கடி பட்டால் “ஒழுங்கா பிடிக்கத் தெரியலையா” என்பார்கள். ஊசிக்கு நாமே அலைய வேண்டும், அந்த நாளுக்குச் சம்பளமும் கிடையாது.

இப்போது இருக்கும் டாக்டர் சேர்ந்த வாரமே எல்லோருக்கும் முன்கூட்டிய வெறிநோய்த் தடுப்பூசி போட வைத்தார். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால் 0, 7, அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள். துடைக்கிற அம்மாவுக்கும் சேர்த்து, செலவு கிளினிக்கினுடையது. இதை முழுசாக முடித்தவர்களுக்குப் பிறகு கடி பட்டால் 0, 3 என்று ரெண்டே ஊசி. முன்னால் போடாதவர்களுக்குத்தான் 0, 3, 7, 14, 28 என்று நீளும், காயத்தைப் பொறுத்து இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் சேரும்.

அப்புறமும் ஒரு நாள் பட்டது. கட்டைவிரலுக்குக் கீழே, சதையில். டாக்டர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனார். சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். ரெண்டு நிமிஷத்தில் போதும் சார் என்று நான் கையை எடுக்கிறேன், அவர் விடவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அவரே ஆட்டோ பிடித்து அனுப்பினார்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. “கடிக்காது சார், குழந்தை மாதிரி” என்று சொல்லி வாய்க்கட்டு வேண்டாம் என்பார்கள் இல்லையா? அங்கே நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கட்டுப் போடாமல் டாக்டரும் தொட மாட்டார்.

கொளத்தூர் ஜூனியர் டாக்டர்:

படித்தது வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே ஓபி கூட்டத்தில் நிற்கும்போதுகூட இவ்வளவு களைப்பு தெரியவில்லை, சுற்றிலும் வகுப்புத் தோழர்கள் இருந்தார்கள். தனியார் கிளினிக்கில் சேர்ந்ததும் கருணைக்கொலை ஊசி எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. சீனியர்கள் நைசாக நழுவிவிடுவார்கள். குடும்பமே சுற்றி நின்று அழும், பத்து நிமிஷத்தில் அடுத்த அறையில் போய்ப் பூனைக்குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும்.

இப்போதைய இடத்தில் கடைசி ஊசி முறை வைத்து மாறும். போட்டவருக்கு அடுத்த கேஸை வேறொருவர் பார்ப்பார், அதற்குள் ஒரு டீ. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. மனநலம் பற்றி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி வகுப்பு எடுப்பதைவிட இந்த டீ எவ்வளவோ மேல்.

எண்ணூர்:

‘நாம் எல்லாம் ஒரே குடும்பம்’ என்று எந்த முதலாளியாவது சொன்னால் எனக்கு உஷாராகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வேலை பார்த்த இடத்தின் வாட்ஸப் குரூப்பில் குடும்பப் பாசம் வழிந்தது, மாசக் கடைசியில் பார்த்தால் வராத நாளுக்கெல்லாம் சம்பளம் பிடித்திருந்தார்கள்.

தண்ணீர் வடிவதற்குள் எண்ணெய்க் கசிவு. முகத்துவாரத்தில் கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது பேப்பரில் வந்தது, எண்ணெய் அப்பிய தெருநாய்கள் வரவில்லை. ரோமத்தில் ஒட்டியதை நக்கினால் உடம்புக்குள் போய்விடும், அதனால் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். தெருப் பையன்களோடு சேர்ந்துதான் கழுவினோம். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், நாய் உறுமினால் எனக்கு முன்னால் அவன் கையை வைப்பான். வேலையிடத்தில் எனக்கு அப்படி ஒருவரும் இருந்ததில்லை.

பெரம்பூர் டாக்டர்:

வியாசர்பாடித் தம்பி, ஒரு சந்தேகம். வாய்க்கட்டு போட்டால்தான் பார்ப்போம் என்று கறாராக நின்றால் ஆட்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட மாட்டார்களா?

வியாசர்பாடி ஹெல்பர்:

போவாங்க சார். பாலத்தைத் தாண்டி உங்ககிட்டதான் வருவாங்க. நீங்களும் கட்டுப் போட்டே பாருங்க.