மறு: எலெக்ட்ரானிக் பெயில் பாண்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

காரைக்குடியிலிருந்து:

> 'மின்பிணை' போதுமே, நாலெழுத்தில் முடிகிறது.

'எலெக்ட்ரானிக் பெயில் பாண்ட்', அதாவது ஜாமீனுக்காகக் கணினி வழி எழுதித் தரும் ஆவணம், அதற்கு விதியிலும் படிவத்திலும் என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு மேலே 'மின்பிணை' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எழுத்து மிச்சம்தான், பொருள் போய்விடுகிறது. பிணை என்பது காவலிலிருந்து விடுவிப்பது. அதற்காக எழுதித் தரும் ஆவணம் வேறு. மின்வடிவில் வரப்போவது ஆவணம் மட்டுமே. 'ஜாமீன்' என்ற சொல்லும் இந்தக் குழியில் விழுந்ததுதான். அரபி மூலத்தில் அதற்குப் பொறுப்பேற்கும் ஆள் என்று பொருள். நம் பக்கம் ஆளுக்கும் பத்திரத்துக்கும் விடுதலைக்கும் அதுவே: ஜாமீன் நிற்கிறார், ஜாமீன் எழுதுகிறார், ஜாமீனில் வருகிறார். பேச்சில் ஓடிவிடும். விதி எழுதும்போது ஓடாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்), 2(1) பிரிவிலேயே இதைப் பிரித்துவிட்டது. பிணையாளோடு எழுதித் தருவது 'பெயில் பாண்ட்'. பிணையாள் இல்லாமல், தன் பேரில் மட்டும் எழுதித் தருவது வெறும் 'பாண்ட்'. ஆகவே நமக்கு இரண்டு சொல் தேவை. என் முன்மொழிவு: பிணைமுறி, தன்முறி. இரண்டுக்கும் முன்னால் 'மின்' சேரும். முறி, அதாவது உறுதி சொல்லி எழுதித் தரும் சீட்டு, செட்டிநாட்டுக்குப் புதிதல்ல, யாருக்கும் விளக்க வேண்டியிராது.

---

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, தன்முறி கச்சிதம். பிணைமுறியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓரெழுத்து கூடினால் 'பிணைமுறிவு'. 'மின்பிணைமுறி பதிவானது', 'மின்பிணை முறிவு பதிவானது' என்று கணினித் திரையில் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? முதலாவதில் ஆள் வெளியே வருகிறான், இரண்டாவதில் அவனைப் பிடிக்கப் போகிறார்கள்.

மாற்றுச் சொல் தேடிப் பார்த்தேன். 'பிணைப்பத்திரம்' என்றால் பாதிப் பேர் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'பிணை ஆவணம்' என்றால் கூட இணைக்கும் ஆதார் நகல், வீட்டுவரி ரசீது, ஆர்.சி. புத்தகம் எல்லாம் அதற்குள் புகுந்துவிடும். எனவே பிணைமுறி இருக்கட்டும், 'முறிவு' போகட்டும். சொன்னபடி ஆஜராகாவிட்டால் அது 'உறுதி தவறல்'. 'பறிமுதல்' என்றும் எழுதாதீர்கள். பிஎன்எஸ்எஸ் 491-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து, தொகையைக் கட்டு அல்லது ஏன் கட்டக் கூடாது என்று காட்டு எனக் கேட்கிறது. சரியான காரணமும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அபராதத்தைப் போல வசூலிக்கிறது. அதுவும் முடியாவிட்டால் பிணையாளுக்கு ஆறு மாதம் வரை சிவில் சிறை. எதையும் உடனே கைப்பற்றுவதில்லை.

'பிணைத்தொகை'யையும் சேர்த்து ஒழிக்க வேண்டும். 'தலா 10,000 ரூபாய்க்கு இருநபர் ஜாமீன்' என்ற உத்தரவைப் பார்த்ததும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று நினைத்து வட்டிக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தொகை உறுதி தவறினால்தான் கட்ட வேண்டியது. 490-ஆம் பிரிவின்படி முறிக்குப் பதிலாக ரொக்கம் செலுத்துவது தனி. முன்னதற்குப் 'பொறுப்புத்தொகை', பின்னதற்கு 'வைப்புத்தொகை' என்று வைப்போம். மின்படிவத்தில் பொறுப்புத்தொகைக்குப் பக்கத்தில் 'பணம் செலுத்துக' பொத்தான் இருக்கவே கூடாது.

---

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, 'மின்' எதற்குப் பொருந்தும் என்பதையும் வரையறுத்துவிடுவோம். தாளில் ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்து ஏற்றியது மின்முறி ஆகாது. அது 'வருடிய படி', மூலம் தாள்தான். மின்னொப்பமிட்டுப் பிறந்ததே மின்முறி. அதை அச்செடுத்தால் அச்சுதான் படி.

ஆதார் ஓடிபி வழி ஒப்பத்தில், ஒப்பமிட்டவர் யாரென்று காட்டும் மின்சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். ஒப்பமிட்ட கணத்துக்கு நேரமுத்திரை பதிக்காமல் விட்டால், இரண்டு வருடம் கழித்து உறுதி தவறல் நடவடிக்கையில் கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் 'சான்றிதழ் காலாவதி' என்று காட்டும். பிணையாளின் வக்கீலுக்கு அது போதும். ஆகவே விதியில் 'நேரமுத்திரை' கட்டாயம்.

இன்னொன்று. ஓடிபி போனைத்தான் அடையாளம் காட்டும், ஆளை அல்ல. பேரனின் எண்ணை ஆதாரில் இணைத்த தாத்தாவுக்கு யார் ஒப்பமிட்டார் என்று யார் சொல்வது? உயர்நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் பிணையாளின் புகைப்படமும் இடக்கைப் பெருவிரல் ரேகையும் முறியில் இருக்க வேண்டும் என்று வழக்கமாகவே எழுதுகிறார்கள். மின்முறியில் அந்த இடத்தை நீதிமன்றக் கவுண்டரில் வைக்கும் ரேகைக் கருவிதான் நிரப்ப முடியும். பிரவுசிங் சென்டரிலிருந்து ஏற்ற விடக் கூடாது.

பெயர்ப் பெட்டியும் நம்மூருக்குப் போதாது. நாலைந்து எழுத்து விலாசத்தோடு (முகவரி அல்ல, பெயருக்கு முன் வரும் முன்னோர் தலைப்பெழுத்துகள்) பட்டாவில் இருப்பவர் ஆதாரில் ஒரே இனிஷியலோடு இருப்பார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் அவரைத் தள்ளிவிடும். விலாசத்துக்குத் தனிப் பெட்டி, பொருந்தாவிட்டால் ஊழியர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

---

காரைக்குடியிலிருந்து:

தம்பி சொன்னதோடு கூட்டுப் பட்டாவையும் சேர்க்கவும். எட்டுப் புள்ளிக்கு (தனித்தனிக் குடும்பத்துக்கு) பொதுவான வளவு வீட்டை, அதாவது முற்றம் வைத்த பூர்வீக வீட்டைக் காட்டி ஒரு பங்காளி பிணை நின்றால், முழு வீட்டின் மதிப்பையும் அவர் கணக்கில் வைக்க முடியாது. படிவம் 'சொத்து மதிப்பு' என்று கேட்காமல் 'பிணையாளின் பங்கு மதிப்பு' என்று கேட்கட்டும். பட்டா வில்லங்கத்தைக் காட்டாது, அதற்குப் பதிவுத்துறைச் சான்றுதான்.

486-ஆம் பிரிவின்படி, தான் இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறோம் என்று பிணையாள் உறுதிமொழி தர வேண்டும். தாளில் அவர் சொன்னதுதான் எண்ணிக்கை. மின்முறியின் பெரிய லாபமே இங்கேதான்: சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டையும் திறவுகோலாக வைத்தால் அதே சொத்து வேறு வழக்கில் நிற்பது உடனே தெரியும். இதற்குப் பெயர் 'பிணைப்பேரேடு'. பேரேடு நமக்குக் கடைக்கணக்கிலிருந்தே தெரியும். ஆனால் மறுமுறை வந்தாலே தள்ளு என்று நிரல் எழுதிவிடக் கூடாது. பல வழக்குகளுக்கு ஒரே பிணையாட்களை ஏற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அனுமதித்திருக்கிறது. பேரேடு காட்டட்டும், முடிவு நீதிபதியுடையது.

பிணையாள் தன் பொறுப்பிலிருந்து விடுபடுவதைச் சொல்லும் 489-ஆம் பிரிவுக்குப் 'பிணையாள் விடுவிப்பு' வேண்டாம், கைதி விடுவிப்போடு மோதும். 'பிணையாள் விலகல்'.

---

தேவகோட்டையிலிருந்து:

விலகல் சரி. முறி எந்தக் கணத்தில் எழுதி முடிந்ததாக ஆகிறது என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. 487-ஆம் பிரிவின்படி முறி எழுதி முடிந்ததும் ஆளை விட வேண்டும். தாளில் நீதிபதி ஏற்றுக் கையெழுத்திடுவதோடு பேச்சு முடிந்தது. மின்முறியில் குற்றம் சாட்டப்பட்டவர், இரண்டு பிணையாட்கள், நீதிபதி என நான்கு ஒப்பம், நான்கு நேரம். கடைசியாக நீதிபதி இடும் 'ஏற்பொப்பம்'தான் கணக்கு என்று எழுதிவைக்கவும். இல்லையென்றால் சிறை அதிகாரி பிணையாட்களின் ஒப்பத்தைப் பார்த்தே விட்டுவிடலாம், அல்லது எதைப் பார்த்தும் விடாமல் இருக்கலாம்.

ஜாமீன் உத்தரவின் மின்படியை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் வெளியே வராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. உத்தரவு நொடியில் மதுரை மத்திய சிறைக்குப் போய்விடுகிறது, முறிதான் பஸ்ஸில் போகிறது. திரையில் இரண்டு தேதியும் தனித்தனியே வேண்டும்: 'உத்தரவு நாள்', 'ஏற்பொப்ப நாள்'. ஏழு நாள் முதலாவதிலிருந்து.