ஒரே புராசஸில் ஃபஸ்ஸிங்: தனியே ஓட்டினால் வராத க்ராஷ்

இரவுப்பணி:
எக்ஸ்எம்எல் படிக்கும் ஒரு லைப்ரரியை ஃபஸ்ஸ் செய்தோம், அதாவது தாறுமாறான ஃபைல்களைக் கொடுத்துக்கொண்டே இருந்து க்ராஷ் ஆகிறதா என்று பார்த்தோம். ஃபைலுக்கு ஒரு புது புராசஸ் எழுப்பும் ஃபோர்க் சர்வரில் ஓடியதை, ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ் என்ற ஃபஸ்ஸரின் பெர்சிஸ்டன்ட் மோடுக்கு (ஒரே புராசஸ் பல ஃபைல்களை அடுத்தடுத்துப் படிக்கும்) மாற்றி, லூப்பில் புராசஸுக்கு 10000 ஃபைல் என்று போட்டோம். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. காலையில் பார்த்தால் க்ராஷ் ஃபோல்டரில் ஒரு ஃபைல். அதைத் தனியாகக் கொடுத்தால் சமர்த்தாகப் படித்துவிட்டு 0 (பிழையில்லை) என்று முடிகிறது. எத்தனை முறை கொடுத்தாலும் அதே 0. திரையிலோ ஸ்டெபிலிட்டி (ஒரே ஃபைல் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் ஓடுகிறதா என்ற அளவு) 85 சதவீதத்துக்கும் கீழே இறங்கிச் சிவப்பாக நிற்கிறது. சோர்ஸ் கோடைத் துழாவியதில் பிடிபட்டது ஒரு ஸ்டாட்டிக் பாயின்டர்: மெமரி முகவரியை வைத்திருப்பது, புராசஸ் முடியும்வரை அழியாதது. ஃபைல் முடிந்ததும் மெமரியை ஃப்ரீ செய்கிறார்கள், பாயின்டரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடுத்து வரும் ஃபைல் அதையே தொடுகிறது. பராமரிப்பவர்களோ, மறுபடி வரவில்லை என்று சொல்லி, நாங்கள் அனுப்பிய பிழை அறிக்கையை மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பிட்மேப்:
மூடியது சரிதான். ஃபைலுக்கு ஒரு புராசஸ் என்று நம்பி எழுதிய கோடை லூப்பில் போட்டது நாம்தானே? ஒரே புராசஸில் ஓடும் இன்னொரு ஃபஸ்ஸரான லிப்ஃபஸ்ஸரில் எனக்கு நடந்தது இது: 2 ஜிபி மெமரி வரம்பைத் தாண்டிவிட்டது என்று நின்றுபோனது. பழி விழுந்த ஃபைலைத் திறந்தால் உள்ளே மூன்றே பைட்! குளோபல் கேஷ் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியிருக்கிறது. கேஷை அந்தக் குளோபல் பிடித்துக்கொண்டே இருந்ததால் மெமரிக் கசிவைப் பிடிக்கும் லீக் சானிடைசரும் வாய் திறக்கவில்லை.

கோர்டம்ப்:
பிட்மேப், ஏற்க முடியாது. லைப்ரரி என்றால் நாளை ஒரு சர்வரும் அதை அழைக்கும். அங்கே ஒரே புராசஸ்தான் வருகிறவர்கள் அனுப்பும் எல்லா ஃபைலையும் படிக்கும். இரண்டு ஃபைலை அடுத்தடுத்து அனுப்பத் தெரிந்தவனுக்கு அது திறந்த கதவு.

இரவுப்பணி, இப்படிச் செய்யுங்கள். ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ்ஸின் கான்ஃபிக் ஹெடரில், முன்னால் போன ஃபைல்களைச் சேமிக்கும் பெர்சிஸ்டன்ட் ரெக்கார்டைத் திறந்துவிட்டு ஃபஸ்ஸரை மறுபடி பில்ட் செய்யுங்கள். எத்தனை ஃபைல் வேண்டும் என்பதை அதே பெயருள்ள என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுங்கள். க்ராஷுக்கு முன்னால் போனவை வரிசையாகக் கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சுவதை ஒரே மெயினுக்குள் அடுத்தடுத்து அழைக்கும் சின்ன சி புரோகிராமாக எழுதி, மெமரித் தவறுகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரின் அறிக்கையோடு அனுப்புங்கள். அப்புறம் யாராலும் மூட முடியாது. லூப் எண்ணை மட்டும் குறைக்காதீர்கள். அது பக்கை மறைக்கும், வேகத்தையும் தின்னும்.

இரவுப்பணி:
முன்னால் போன ஃபைல்கள் எதுவும் கையில் இல்லை. ரெக்கார்டைப் போட்டு முதலிலிருந்து ஓட விட்டிருக்கிறேன். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.