எரேமியாவுக்குப் பதில் சொன்ன பெண்கள்

விக்கிரக ஆராதனை பற்றி பைபிளில் தீர்க்கதரிசிகள் சொன்னதில் உங்களை உலுக்கிய இடம் எது என்ற கேள்விக்குப் பலரும் ஓசியாவையும் அவருக்குத் துரோகம் செய்த மனைவி கோமேரையும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு எரேமியா 44ஆம் அதிகாரம்.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஆளுக்கு ஒரு பத்தியாக வாசித்துக்கொண்டு வந்தோம். எருசலேம் விழுந்த பிறகு, தப்பிய யூதர்கள் எரேமியாவையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போயிருக்கிறார்கள். இங்கேயும் வேறு தேவர்களுக்குத் தூபம் காட்டுகிறீர்களே என்று அவர் கண்டிக்கிறார். அவர்கள் தலைகுனியவில்லை. வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபம் காட்டிய காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்தினதிலிருந்துதான் பட்டயமும் பஞ்சமும் என்கிறார்கள். கூடவே பெண்கள் ஒரு போடு போடுகிறார்கள்: எங்கள் புருஷர்களுக்குத் தெரியாமலா பணியாரம் சுட்டோம்? 7ஆம் அதிகாரத்திலேயே பிள்ளைகள் விறகு பொறுக்க, அப்பாக்கள் நெருப்பு மூட்ட, பெண்கள் மாப்பிசைகிறார்கள். முழுக்க வீட்டு வேலை.

வாசித்த அக்கா நிமிர்ந்து, “இவங்க கணக்கு தப்புன்னு எப்படிங்க சொல்றது?” என்றார். நியாயமான கேள்வி. யூதாவின் ராஜா யோசியா விக்கிரகங்களை உடைத்தது கி.மு. 622 வாக்கில். 609இல் அவரே மெகிதோவில் செத்தார். 586இல் ஆலயம் எரிந்தது. அந்தப் பெண்கள் பார்த்தது இந்த வரிசையைத்தான். எரேமியாவோ அதே தூபத்தைத்தான் அழிவுக்குக் காரணமாகக் காட்டுகிறார். ஓசியா 2இலும் சண்டை இதேதான்: அப்பமும் எண்ணெயும் கொடுத்தது யார்? கர்த்தரை யாரும் வேண்டாமென்று தள்ளவில்லை. சோற்றுக்கு இன்னொருவரையும் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தீர்க்கதரிசிகள் அதைத்தான் சோரம் என்கிறார்கள்.

—

மேலே எரேமியா 44 பற்றி எழுதிய அக்கா சொன்னதோடு ஒன்று. எருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் கையடக்கமான மண் பொம்மைகளைப் பார்த்தேன். கீழே வெறும் தூண், மேலே இரண்டு கைகளாலும் மார்பைத் தாங்கிய பெண். சிலதுக்கு அச்சில் வார்த்த முகம், நெற்றியில் வரிசையாகச் சுருள்முடி. சிலதுக்கு ஈரமண்ணை இரண்டு விரலால் கிள்ளிவிட்ட மூக்கு மட்டும். கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு, யூதாவின் சாதாரண வீடுகளில் கிடைத்தவை. அசேரா என்ற பெண் தெய்வமா, பிள்ளைப்பேற்றுக்கு வைத்ததா என்று அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வழிகாட்டி அவசரப்படுத்தினார், ஆனால் எனக்கு நகர மனசில்லை. ஏசாயா, எரேமியா காலத்து வீடுகள் அல்லவா!

—

எனக்கு எசேக்கியேல் 23 இன்றும் சங்கடம்தான். இரண்டு நகரங்களைச் சோரம்போன இரண்டு சகோதரிகளாகக் காட்டும் உவமை அது: அகோலாள் சமாரியா, அகோலிபாள் எருசலேம். சிலையைவிட அரசியல்தான் அதில் அதிகம்: அசீரியா, பாபிலோன், எகிப்து என்று மாறி மாறி உடன்படிக்கை. சுவரில் சிவப்பாகத் தீட்டிய கல்தேயரின் (பாபிலோனியரின்) படத்தைப் பார்த்தே அகோலிபாள் மயங்கி ஆள் அனுப்புகிறாளாம். அது சரி, புரிகிறது. ஆனால் தண்டனையாகப் பெண்ணின் துணியை உரிவதும் மூக்கை அறுப்பதும் வரும்போது, ‘உவமைதானே’ என்று என்னால் தாண்டிப்போக முடிவதில்லை. எங்கள் ஊரில் எந்தப் போதகரும் அந்த அதிகாரத்தைத் தொட்டதில்லை. யாராவது பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா?