யன்னலைத் துடைத்த பிறகும் வெண்கறை நிற்கிறது: குறை வேலையிலா, கண்ணாடியிலா?

கேள்வி (மஸ்கெலியா)

வணக்கம். தோட்டத்தை ஒட்டிய தனி வீடு ஒன்றில் வசிக்கிறோம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் யன்னல்களைச் சுத்தம் செய்யக் கூலிக்கு ஆள் வைத்தோம். வேலை முடிந்த அன்று கண்ணாடி பளபளத்தது. மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோதோ, கீழ்ப்பாதியில் வெண்கறையும் நீர் வழிந்த கோடுகளும், சமையலறைப் பக்கம் மங்கலான பிசுக்கும் தெரிந்தன. மரச்சட்டத்தின் மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம் அப்படியே இருக்கிறது. மீண்டும் வந்து செய்யுமாறு அவர்களைக் கேட்பது நியாயமா? நல்ல வேலை என்றால் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்?

பதில் (அட்டன், கண்ணாடி பொருத்தும் தொழில்)

பிசுக்கையும் பூஞ்சணத்தையும் பற்றித் தயங்காமல் கேளுங்கள். விறகடுப்புப் புகை கண்ணாடியில் எண்ணெய்த்தன்மையுள்ள படலமாகப் படிகிறது. வெறும் நீரில் துடைத்தால் அது பரவுமே தவிர நீங்காது. சவர்க்காரம் கலந்த வெந்நீரால் தேய்த்து, இறப்பர் விளிம்புள்ள வழிப்பானால் மேலிருந்து கீழாக நீரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் விளிம்பைத் துடைத்து, கடைசியில் ஓரங்களை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே முறையான வேலை. சட்டமும் கீழ்ப்படியும் அதில் அடங்க வேண்டும், ஏனெனில் அங்கே தங்கும் அழுக்குத்தான் அடுத்த மழையில் கண்ணாடிக்குத் திரும்புகிறது.

வெண்கறை வேறு விடயம். யன்னலுக்கு மேலே அண்மையில் சீமெந்துப் பூச்சு வேலை ஏதும் நடந்ததா?

கேட்டவர்

ஆம் ஐயா. மழைக்கு முன்னர்தான் யன்னல் மேற்பகுதிச் சுவரைப் பூசினோம். அந்தப் பக்கம் கூரை நீரை ஏந்தும் பீலியும் இல்லை.

பதில் (அட்டன்)

அப்படியானால் காரணம் பெரும்பாலும் அதுதான். புதிய சீமெந்திலிருந்து வழியும் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும்; அது கண்ணாடியில் காய்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படிவமாக இறுகுகிறது. கறையுள்ள ஓரிடத்தில் வினாகிரியில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துப் பிறகு நீரால் கழுவிப் பாருங்கள். கறை கரைந்தால் அது படிவம். துடைத்தவர்கள் அகற்றியிருக்க வேண்டும். கரையவில்லையென்றால், காரத்தன்மையுள்ள அந்த நீர் நெடுநாள் தங்கிக் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்திருக்கக்கூடும். அதற்கு எந்தத் துடைப்பும் பயன்படாது. அந்தக் குறையை வேலைக்காரர் தலையில் கட்டக் கூடாது.

பழைய யன்னல்களில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடிக்கும் புட்டிப் பசையிலும் சுண்ணாம்புத்தூள் உண்டு. ஆகவே வினாகிரி அதன்மீது வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறையை உலர்ந்த பிளேட்டால் சுரண்ட எவரையும் விடாதீர்கள், கீறல் விழுந்தால் அது நிலைத்துவிடும்.

பதில் (பண்டாரவளை)

தங்கச்சி, பூஞ்சணத்துக்குக் குளோரின் கலந்த திரவத்தைப் பயன்படுத்துவோர் பலர். அதை வினாகிரியோடு ஒருபோதும் கலக்க வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் ஊற்றவும் வேண்டாம். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். சட்டம் நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சணம் மீண்டும் வரும், எனவே வெயிலுள்ள நாட்களில் யன்னலைத் திறந்துவையுங்கள். இன்னொன்று, நம் வீடுகள் சரிவில் நிற்பவை. ஏணியின் கால்களுக்குச் சமதளம் கிடைக்கிறதா, கீழே பிடிக்க ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்காமல் மேல் யன்னலைத் துடைக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கவனம் இல்லாதவரை, எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தாலும் நல்ல வேலைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேட்டவர்

செய்து பார்த்தேன். பெரும்பாலான கறை கரைந்துவிட்டது. வாசல் பக்கத்துக் கண்ணாடி ஒன்று மட்டும் கழுவிக் காய்ந்ததும் மீண்டும் மங்குகிறது.

பதில் (அட்டன்)

ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மங்கினால், அது அரிப்பாகவே இருக்கும். அந்த ஒரு கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன்னர் மேலே பீலியைப் பொருத்திவிடுங்கள். மற்றவற்றுக்கும் சட்டங்களுக்கும் துடைத்தவர்களை மீண்டும் அழைத்து, சாய்வான காலை வெயிலில் அவர்களோடு சேர்ந்து நின்று பார்த்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.