மேசையில் தொலைந்த எடைச் சீட்டு

மேசையில் சாமான் குவிந்து பட்ட பாட்டைப் பற்றி மூன்று வாசகர்கள் எழுதியவை.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

போன ஜூனில் நடந்தது. இங்கே ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் டெம்போவும் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் லோடோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை. இரண்டு சீட்டும் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். கூடவே கேட் பாஸ், வாடகை ரசீது, டீ கணக்கு, டிரைவர்கள் வைத்துவிட்டுப் போகும் சாவி.

போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் காலை 10 மணிக்கு வந்தார். 12 நாளைக்கு முன்னால் இறக்கிய லோடுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. அவர் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். எடை மேடையில் கொடுப்பது தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது. தாளின் மேல் இருக்கும் பூச்சு சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயிலும் பிளாஸ்டிக்கும் அதற்கு ஆகாது. பெரியவர் பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

ஆபீஸ் காப்பி என்னிடம் இருக்க வேண்டும். "உட்காருங்கய்யா, பத்து நிமிஷம்" என்றேன். மதியம் ஒரு மணி ஆகியும் கிடைக்கவில்லை. இந்தக் கட்டை எடுத்து அந்தப் பக்கம் வைப்பேன், அதைப் பிரித்து மறுபடி இந்தப் பக்கம் வைப்பேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்தார். "குமிச்சு வச்ச இடத்துலயே தரம் பிரிக்க முடியாது தம்பி. கீழ கொட்டிப் பரப்பு" என்றார். மாங்காயைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அப்படியே குடோன் தரையில் தார்ப்பாயை விரித்துக் கொட்டினோம். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை, எழுத்து தெரியாது. தாளின் நிறத்தையும் நீளத்தையும் பார்த்தே பிரித்துத் தந்தார். மூன்றரை மணிக்கு, பழைய டைரிக்குள் மடிந்து கிடந்தது சீட்டு. 2 டன் 340 கிலோ. அவர் தோப்பின் ஒரு வருஷத்து உழைப்பில் ஒரு பங்கு அந்த டைரிக்குள் கிடந்திருக்கிறது. அதுவரை அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை.

அன்று ராத்திரி மேசையைத் துடைத்து வெறும் பலகையாக்கினேன். பணம் கொடுக்க வேண்டிய சீட்டு மட்டும்தான் இப்போது மேலே இருக்கும், ஒரே ஒரு தட்டில். கொடுத்து முடித்ததும் மாதவாரியாக டேக் கயிற்றில் கோத்து பீரோவுக்குப் போய்விடும். பழைய கட்டுகளைத் தூக்கிப் போடக் கை துறுதுறுத்தது. ஆனால் ஜிஎஸ்டி கணக்குத் தாள்களை அந்த வருஷத்து ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு தாளும் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கூடாது. அப்புறம், தெர்மல் சீட்டு எது வந்தாலும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால் பின் அடித்துவிடுகிறேன்.

ஓசூரிலிருந்து:

நான் சிப்காட்டில் தரப் பரிசோதனைப் பிரிவு. எங்கள் சுவரில் செய்ரி, செய்டன், செய்ஸோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று, வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைக்கும் முறையின் ஜப்பானியச் சொல் ஐந்தும் பெயின்டில் எழுதியிருக்கும். மெஷின் பக்கமெல்லாம் அதன்படிதான் நடக்கும். என் மேசை டிராயரை மட்டும் யாரும் திறந்து பார்த்ததில்லை. அதில், அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் காலிபரேஷன் தேதி முடிந்த வெர்னியர் அளவுக் கருவி ஒன்று நல்லதோடு கலந்து கிடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அதை எடுத்து ஒரு ஷிப்ட் முழுக்க அளந்துவிட்டான். அத்தனை பெட்டியையும் பிரித்து மறுபடி அளந்தோம். திட்டு அவனுக்கு விழுந்தது. தப்பு என் டிராயருடையது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாத சாமானில் தேதி எழுதிச் சிவப்புச் சீட்டு கட்டித் தனியாக வையுங்கள். ஒரு மாதத்தில் யாரும் தேடவில்லை என்றால் வெளியேற்றலாம். செய்ரி என்பது இதுதான். இதை முடிக்காமல் டப்பா வாங்கி அடுக்குவதில் பிரயோஜனம் இல்லை.

தருமபுரியிலிருந்து:

காவேரிப்பட்டணத்துக் கடிதத்தில் அந்தப் பெரியவரைப் பற்றிப் படித்ததும் என் கடை ஞாபகம் வந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தெர்மல் பில்லைக் கொண்டு வந்து "லேமினேஷன் போட்டுக் கொடுங்க அக்கா" என்று நிறையப் பேர் கேட்பார்கள். போடவே கூடாது. அந்தச் சூட்டில் தாள் மொத்தமும் கறுத்துவிடும்.

என் மேசைக் கதை வேறு. அவசரத்தில் நகலை வாங்கிக்கொண்டு ஒரிஜினலை மெஷின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போவார்கள். நான் எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். அதன் மேல் வேறு தாள் விழும். பென்னாகரத்திலிருந்து ஒரு பெண், கல்லூரிச் சேர்க்கைக்காக வந்தவள், சாதிச் சான்றிதழை விட்டுவிட்டுப் போனாள். மதியம் திரும்பி வந்து கேட்டபோது, இங்கே இல்லையே என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே என் கண்ணுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே போனாள். ராத்திரி கடை சாத்தும்போது ஏ4 கட்டுக்கு அடியில் இருந்தது. சான்றிதழில் இருந்த ஊரை வைத்து, அந்தப் பக்கம் போகும் டவுன் பஸ் கண்டக்டரிடம் விசாரித்து, மறுநாள் காலை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் அம்மா கேழ்வரகுக் களி போட்டார்.

இப்போது மெஷின் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. விட்டுப்போன ஒரிஜினல் அதில் மட்டும்தான். வேறு எதையும், பேனாவைக்கூட, அதில் வைக்க விடமாட்டேன். நேற்றிலிருந்து ஒரு ரேஷன் கார்டு அதில் இருக்கிறது. தேடி வருவார்கள் என்று இன்று எட்டரை வரைக்கும் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன்.